தலைக்கவசத்துக்குள் இருந்த முகம்

மகளுக்கு,

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரக் கல்யாண மண்டபத்தில் விமலராணி அன்ரி காட்டிய வீடியோவில், நோர்வே மலையிலிருந்து இறக்கை உடுப்போடு பாய்ந்தது நீ என்று எனக்கு அப்போதே தெரியும். தலைக்கவசம் முகத்தை மறைத்ததால் மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

"வௌவால் மாதிரிப் போகுது! இதுக்குத் தாய் தேப்பன் இல்லையோ?" என்றார் அன்ரி.

"இருந்தா விடுவினமே?" என்று நானும் சிரித்தேன். திரும்பியபோது, பலகாரத் தட்டோடு பின்னால் நீ நின்றாய்.

வீடு வரும்வரை காரில் நான் மழையைப் பற்றியே கதைத்தேன்.

நேற்று அன்ரிக்குத் தொலைபேசி எடுத்து, அது என் மகள் என்றேன். "உனக்குப் பயமில்லையேடி?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

பறப்பது வீண்வேலை என்று உன்னோடு எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். பயப்படுகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதையும் அவரிடம்தான் முதலில் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

அம்மா