துரை மலையை விட்டு இறங்கும் வரை

1931 ஏப்ரல் 20, திங்கள். திருமழிசை

குளம் பச்சைக் கூழாகிவிட்டது. எருமைகள் உள்ளே கிடக்க, பக்கத்திலேயே சேரிப் பெண்கள் தண்ணீரை முந்தானையில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். துணியில் புழுக்கள் நெளிந்தன. ஊர்க் கிணற்றில் எங்கள் ஜனம் கை வைக்கக் கூடாது. ஜெபவீட்டுக்குப் பின்னால் மிஷன் நிலம் சும்மா கிடக்கிறது. கிணற்றுக்கு உத்தரவும் ஆகிவிட்டது. ஆனால் முதல் மண்ணை வெள்ளைக்காரப் பாதிரித் துரைதான் ஜெபம் பண்ணி வெட்ட வேண்டும், அது மிஷன் வழக்கம். துரை கோடைக்கு மலைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கர்த்தரின் வேளைக்குப் பொறுமையாகக் காத்திருப்பது பற்றிப் பிரசங்கித்தேன். நான் இங்கே உபதேசியாராக வந்ததிலிருந்து அதே பிரசங்கம். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சீ.

மே 3

போன வருஷமும் இதே கூத்துதான். மலையிலிருந்து வந்தவர் மற்றச் சபைகளையெல்லாம் சுற்றிவிட்டு இங்கே வர ஐப்பசி ஆனது. மழை. ஈர மண் சரியும், கோடையில் பார்க்கலாம் என்றார். கோடை வந்தது. துரை மலைக்குப் போனார்.

மே 9, சனி

சேரியில் கன்னியம்மாளின் மகள் செல்லிக்கு வயிற்றுப்போக்கு. மூத்தவள் போன கோடையில் இதே தண்ணீரால் செத்தாள். நான்தான் அடக்கம் பண்ணினேன். இன்று ஜெபிக்கப் போனேன். கர்த்தரின் வேளை என்று வாய் தானாக ஆரம்பித்தது. கன்னியம்மாள் பிள்ளையின் துணியை அலசிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"ஆண்டவரு வேளை, ஆண்டவரு வேளைன்றீங்களே உபதேசியாரே, தொர மலைய உட்டு எறங்கற வேளையா அது?"

எழுந்து வந்துவிட்டேன்.

மே 10

பிரசங்கம் பண்ணவில்லை.

மே 13

கர்த்தர் எப்போது 'இப்போது வேண்டாம்' என்று சொன்னார்? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. வேலை போய்விடும் என்று நான் பயந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அங்கே மலையில் ஒருவர் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இங்கே நான் அதற்குக் கர்த்தர் பேரைப் போட்டு ஜனங்களுக்குப் புழுத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் — இதுவா விசுவாசம்? த்தூ.

மே 14, வியாழன். ஆண்டவர் பரமேறிய திருநாள்

ஆராதனை முடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஜெபத்தையும் நானே பண்ணினேன், நாலு வார்த்தை. முதலில் கன்னியம்மாள் கூடையோடு வந்தாள். அப்புறம் எல்லாரும் வந்தார்கள்.

மே 30

ஊற்று கண்டுவிட்டது. செல்லி சோறு கேட்டாளாம்.

ஜூலை 12, ஞாயிறு

துரை வந்தார். முதல் மண் வெட்டுவதற்குப் புது மண்வெட்டி, பிடியில் சிவப்பு ரிப்பன். கிணற்றைப் பார்த்ததும் முகம் கறுத்தது. யார் உத்தரவில் முதல் மண்ணை வெட்டியது என்று கேட்டார். நான்தான் வெட்டினேன் என்றேன். என்னை வேப்பம்பட்டுச் சபைக்கு மாற்றியிருக்கிறார், புதன்கிழமையே போக வேண்டும்.

செல்லி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். வெயிலில் வந்த மனுஷன், முழுதும் குடித்தார். இன்னும் கொஞ்சம் வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் கர்த்தரின் வேளை என்றார். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

அவர் போனபின் நானும் குடித்தேன். கொஞ்சம் உப்புக் கரிக்கிறது. புழு இல்லை.

ரிப்பன் மண்வெட்டியை இங்கேயே விட்டுப் போய்விட்டார். என் படுக்கையோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். வேப்பம்பட்டுச் சேரியிலும் குளத்துத் தண்ணீர்தானாம்.