இடது காலில் தொடங்கிய அலாரிப்பு

என் வாயாடி நாத்தனார் மல்லிகாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உன் அண்ணன், காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் உனக்குத் திதி கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்குக் காவிரியில் நல்ல தண்ணீர். படி வழுக்குமோ என்ற பயத்தில் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இறங்கினார். நீ பார்த்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பாய்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. இந்த நவராத்திரியில் நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்வேன், பொறுத்துக்கொள்.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள் நீ. ஸ்ரீரங்கத்தில் தனி வீடு, பள்ளிக்கூட ஆபீஸில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் பிடித்துத் தென்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாய். அப்படி வந்த ஒரு ஞாயிறு, நடுவழியில் திருவானைக்காவலில் இறங்கி, பெண்கள் எந்த வயதிலும் பரதநாட்டியம் கற்கலாம் என்ற போர்டைப் பார்த்துப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாய். உன் அண்ணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்பது வயசுல ஆடப் போறியா? முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"முட்டி என்னோடதுண்ணே. நீ உன் தொந்தியப் பாத்துக்க."

உனக்குத் தனியாகப் போகப் பிடிக்கவில்லை. என்னையும் இழுத்தாய். என் தையல் கடைக்குப் பிளவுஸ் கொடுக்கவும் வாங்கவும் ஆட்கள் வருவதே சாயங்காலம்தான், வகுப்பும் சாயங்காலம்தான், நான் எங்கே போக? "சரி அண்ணி, நான் கத்துக்கிட்டு வந்து உங்களுக்குச் சொல்லித் தரேன்" என்றாய். அப்படித்தான் எங்கள் மொட்டை மாடி நாட்டியப் பள்ளி ஆனது.

முதல் நாள் நீ ஆடவே விடவில்லை. குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னாய். எதற்கு என்றேன். "மிதிக்கப் போறோம்ல, பூமிகிட்ட முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வச்சுக்கறது." பிறகு அரைமண்டி. குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முட்டிகளைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார வேண்டும், ஆனால் முதுகு மட்டும் நிமிர்ந்தே இருக்கவேண்டும். எனக்கோ மெஷின் முன்னால் குனிந்து குனிந்தே பழகிய முதுகு. "ஊசியில நூல் கோக்கற மாதிரி நிக்காதீங்க அண்ணி" என்று என் தோளை இரண்டு கையாலும் பின்னுக்குத் தள்ளுவாய். அதற்கப்புறம்தான் தட்டடவு. இந்தப் பாதம் ஒரு தட்டு, அந்தப் பாதம் ஒரு தட்டு, வாயில் தையா தை. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, சுவரில் ஆணி அடிக்கிறீர்களா என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா?

கால் வலித்து உட்காரும்போதெல்லாம் நீ கதை சொல்வாய். இந்த ஆட்டத்துக்கு இலக்கணம் எழுதி ஆயிரக்கணக்கான வருடமாகிறது என்பாய். கோயிலுக்கென்று பொட்டுக் கட்டி விடப்பட்ட பெண்கள் சாமி முன்னால் ஆடியது, அவர்களுக்கு ஜதி சொல்லிக் கொடுத்த நட்டுவனார்கள், தஞ்சாவூர் அரண்மனையில் அலாரிப்பு முதல் தில்லானா வரை இதை அடுத்து அது என்று ஒழுங்கு செய்தது, எல்லாம் உன் வாயால் கேட்டதுதான். அப்போது இதற்குச் சதிர் என்று பேர். பிறகு ஊரே அதைக் கேவலமாகப் பேசியது. கோயிலில் ஆடுவதும் நின்றுபோனது. அப்புறம் புதுப்பேரோடு சபா மேடைக்கு வந்து, எல்லா வீட்டுப் பெண்களும் கற்றுக்கொள்கிற கலையாகிவிட்டது. "ஆட்டத்தை எடுத்துக்கிட்டாங்க அண்ணி, ஆடினவங்கள விட்டுட்டாங்க" என்று ஒரு நாள் சொன்னாய். அன்றைக்கு உன் குரலில் விளையாட்டே இல்லை.

இன்னொரு ஞாயிறு என்னை ரங்கநாதர் கோயிலுக்குள் வேணுகோபாலன் சன்னதிக்குக் கூட்டிப்போனாய். சுவரில் வீணையோடும் கிளியோடும் நிற்கிற கல் பெண்களைக் காட்டினாய். "இடுப்ப ஒடிச்சு எத்தன நூறு வருஷமா நிக்கறாங்க, ஒரு நாளாவது இடுப்பு வலின்னாங்களா?" என்று கேட்டாய். பக்கத்தில் நின்ற பட்டர் மாமாவே சிரித்துவிட்டார்.

அப்படியே அலாரிப்பு வரைக்கும் வந்தோம். மொட்டு விரிகிற மாதிரி முதலில் கண், பிறகு கழுத்து, தோள், கை, கடைசியில் கால் என்று உடம்பு ஒவ்வொன்றாகத் திறக்கிற ஆட்டம் என்று நீ சொன்னதும் எனக்கு அது பிடித்துப்போனது. எதிரே நின்று ஆடிக்கொண்டே "சூப்பர் அண்ணி, அப்படியே என்னாட்டமே ஆடறீங்க" என்பாய். நவராத்திரிக்கு வகுப்புப் பெண்கள் மண்டபத்தில் ஆடுவார்கள், நாமும் சேர்ந்து ஆடலாம் என்று ஆசை காட்டினாய். எனக்குப் பட்டுத்துணி எடுத்து நானே தைப்பதாகக்கூடப் பேச்சு. ஆடி மாதம் உனக்கு நெஞ்சுவலி வந்தது. புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பக் கூட்டிவர முடியவில்லை.

அந்த வருட நவராத்திரியை நான் பார்க்கவே இல்லை. இந்தச் சித்திரையில்தான், கடையை உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டுத் திருவானைக்காவல் வகுப்புக்குப் போனேன். உன் டீச்சர் மீரா என் மகள் வயதுதான் இருப்பாள். உன் பேரைச் சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டாள். அலாரிப்பு வரைக்கும் தெரியும் என்றேன். வரிசையில் நிறுத்தினாள்.

அங்கேதான் மானம் போனது. முதல் கை நீட்டலிலேயே பக்கத்தில் நின்ற கீதாவின் மூக்கில் என் கை. எல்லோரும் வலது பக்கம் போகிறார்கள், நான் இடது பக்கம். கால் தட்டினாலும் இடது, கழுத்து போனாலும் இடது.

"தனம் ஆன்ட்டி, எல்லாமே வலதுலதான் ஆரம்பிக்கணும். உங்களுக்கு யாரு இடதுன்னு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க டீச்சர். மல்லிகா எதிர நின்னு ஆடுவா, நான் பாத்து ஆடுவேன்."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நீ வலது கையைத் தூக்கினால் அது என் இடது கைப் பக்கம்தானே இருக்கும்? போனில் நீ அனுப்பிய வீடியோக்களிலும் ஆடுகிறவர்கள் என்னைப் பார்த்துத்தானே ஆடினார்கள்? முழு அலாரிப்பையும் நான் தலைகீழாக, தப்பே இல்லாமல் கற்று வைத்திருந்தேன்.

கீதா மூக்கைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "இது மல்லிகாக்கா பண்ணின குறும்பு. தெரிஞ்சே விட்டிருப்பாங்க, அவங்களத் தெரியாதா?" எல்லோரும் சிரித்தார்கள். உன்மேல் உள்ள பிரியத்தில்தான் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு போய்விட்டது. நீ அப்படிச் செய்யக்கூடியவள்தானே? உன் அண்ணனுக்கு உப்புப் போட்ட காப்பியைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவள்தானே? வகுப்பில் வலது என்று கற்றவள், எதிரே இருப்பவள் இடதில் ஆடுவதைப் பார்க்காமலா இருந்திருப்பாய்? அத்தனை ஞாயிறும் நான் உயிரைக் கொடுத்து ஆட, நீ உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாயா? கேட்டுச் சண்டை போட நீ இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கோபம்.

நவராத்திரிக்குள் வலதுக்கு மாற்றினால் வரிசையில் சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மீரா சொல்லிவிட்டாள். மாற்றினேன். எவ்வளவு பாடு! துணி வெட்டும்போது மேஜைக்கு அடியில் கால் தட்டும். உன் அண்ணன் வேறு மாடியில் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு "வலது! வலது!" என்று கத்திக்கொண்டே என் இடது பக்கம் கையைக் காட்டுவார். ஆடவே கூடாது என்ற மனுஷன் இப்போது தையா தை சொல்கிறார், கேட்டுக்கொள்.

ஆடினேன், மல்லிகா. கல்யாண மண்டபத்து மேடையில், கொலுவுக்குப் பக்கத்தில், சலங்கை கட்டி, வலதில் தொடங்கி, வலதிலேயே போய் முடித்தேன். ஒரே ஓர் இடத்தில் இடது கால் முந்திக்கொண்டது. கீதா மூக்கைக் காப்பாற்றிக்கொண்டாள், வேறு யாரும் கவனிக்கவில்லை. கீழே உன் அண்ணன் எழுந்து நின்று கைதட்டினார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் உன்னை நினைக்கும்போது, நீ உள்ளுக்குள் சிரித்தாயோ என்ற சந்தேகம் கூடவே வந்தது.

விஜயதசமியன்று வகுப்பில் புதுப்பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் நம் வயதை ஒட்டியவர்கள்தான். மீரா தட்டுக்கழியை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். தாளத்தைத் தட்டி ஜதி சொல்லவேண்டும், எதிரே நின்று ஆடிக்காட்ட ஆள் வேண்டும். அவள் கண் என்மேல் வந்தது.

"ஆன்ட்டி, நீங்க எதிர நில்லுங்க. உங்க பழைய மாதிரியே இடதுல ஆரம்பிங்க."

"திரும்பவும் இடதா?"

"நீங்க இடது தூக்கினாத்தான் அவங்களுக்கு வலது வரும். எனக்கே இது பழக ரொம்ப நாளாச்சு. உங்களுக்குத் தானா வந்திருக்கு."

நின்றேன். நான் இடது கையை நீட்டினேன். எதிரே வரிசையாக எல்லாக் கைகளும் என் கை போன பக்கமே வந்தன. ஒரே ஒரு அம்மாவின் கை மட்டும் எதிர்ப்பக்கம் போனது. அது உடனே கண்ணை உறுத்தியது. மற்றவர்கள் வலது கையை நீட்டினார்களா, இடது கையை நீட்டினார்களா என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னோடு சேர்ந்து வந்தது, அழகாக இருந்தது, சரி என்று மனம் சொல்லிவிட்டது.

எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. எதிரே நிற்பவளுக்கு இப்படித்தான் தெரியும் என்று எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்? நீ நின்ற இடத்தில் வந்து நின்றால்தானே தெரிகிறது! மொட்டை மாடியில் நீயும் இதைத்தான் பார்த்திருக்கிறாய். உன் கை போன பக்கம் என் கை வந்தது, உன் கால் தட்டிய பக்கம் என் கால் தட்டியது. "சூப்பர் அண்ணி, அப்படியே என்னாட்டமே ஆடறீங்க" என்று நீ சொன்னது கேலி இல்லை. உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

இனி வரிசையில் நின்றால் வலது, எதிரே நின்றால் இடது, இரண்டையும் விடமாட்டேன். புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் அவள் உடம்பு திறக்கிற வரைக்கும் எதிரே நிற்பேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. ஊர் என்ன வேண்டுமானாலும் சிரிக்கட்டும் மல்லிகா, நீ பார்த்த வரைக்கும் நான் ஒரு நாளும் தப்பாக ஆடவே இல்லை.

உன் கூடவே ஆடிய,
உன் அண்ணி தனம்
தென்னூர்