மூன்றாவது துண்டு

அன்பு மகனுக்கு,

உன் ஆய்வுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்ட பாகத்தில், ஓரிடத்தில் வெட்டும்போது தெரியாத துளை இன்னோரிடத்தில் வெட்டும்போது தெரியும் என்கிறாய்.

என் முதுகுத் தடிப்பைப் படையென்று நம்பி ஆறு வருடம் களிம்பு பூசினேன். புதுக்கோட்டை டாக்டரம்மா இருமுறை தோலை வெட்டிச் சோதித்தும் ஒன்றும் தெரியவில்லை.

"தோல்ல வர்ற லிம்போமாவா இருக்கலாம் சார், புற்றுநோய்ல ஒரு வகை. வேற எடத்துல வெட்டிப் பாத்துரலாங்களா?"

"போதுங்கம்மா" என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் உன் அம்மா, "என்ன சொன்னாக?" என்றாள். "அதே களிம்புதான்" என்றேன்.

உன் கட்டுரையைப் படித்த பிறகுதான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சம்மதித்தேன். வரும் புதன் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். நான் ஒன்பதுக்கே போய்விடுவேன். உனக்கு லீவு கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை.

உன் அப்பா