அம்மா தலைப்பு இல்லை

அம்மாவுக்கு வணக்கம். கை வெடிப்பு ஆறியதா? ஆஸ்பத்திரித் துணிகளைக் கையுறை இல்லாமல் அலசாதே என்று எத்தனை முறை சொல்வது! நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கோபம்தான் அடங்கவில்லை.

கடைசி வருட ஆய்வுக்குப் பழைய கடல் வரைபடங்களை எடுத்துக்கொள்கிறேன் என்று பேராசிரியரிடம் போனேன். மூன்று மாதம் நூலகத்தில் தவம் கிடந்து பிடித்த தலைப்பு. "அதெல்லாம் யார் வேணும்னாலும் எழுதலாம்மா. உங்க அம்மா ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறாங்கதானே? அவங்களைப் பத்தி எழுது, மனசைத் தொடும்" என்றார். உன்னிடம் கேட்க ஒரு கேள்விப் பட்டியலையும் நீட்டினார். முதல் கேள்வி: உங்கள் வேலை கஷ்டமானது என்று உணர்கிறீர்களா?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு முன்னால் போன டாக்டர் மகனிடம், உங்க அப்பாவைப் பத்தி எழுது என்று அவர் சொல்லவில்லையே!

"எங்க அம்மா தலைப்பு இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, அவர் மேஜையிலேயே படிவத்தில் 'கடல் வரைபடங்கள்' என்று எழுதினேன். அழுத்திய அழுத்தில் பேனா உடைந்து, நீ தைத்துத் தந்த வெள்ளைச் சட்டையெல்லாம் மை. அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நானும் மாற்றப்போவதில்லை.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. மைக்கறையை எதைப் போட்டு எடுப்பாய்? உடனே எழுது, இங்கே கேட்க ஆளில்லை. அந்தப் பதில் எனக்கு மட்டும்தான். அவருக்குக் காட்டமாட்டேன்.

உன் மகள்