நடையும் இல்லை, பிணமும் இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் பார்த்துக்கொள்கிறான், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பூட்டிக் கிடக்கிற தையல் கடையை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொன்னாயே, அதற்குப் பதில் இது. பேருந்து நிலையக் குண்டுவெடிப்பில் கால் போனதிலிருந்து, கூட்டம் என்றால் அப்பா வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. போன ஞாயிறு நூலகக் கூடத்தில், பயங்கரவாதத்தால் மனிதர்கள் இழந்தது எவ்வளவு என்று ஒரு பேராசிரியருக்கும் பத்திரிகைக் கட்டுரையாளருக்கும் விவாதம். நம்மளப் பத்தி நாம இல்லாம என்னடி பேச்சு என்று தானே சட்டையை மாட்டிக்கொண்டார். கூடத்து வாசலில் கால் நின்றுவிட்டது, முகமெல்லாம் வியர்வை. திரும்பிடலாங்க என்றேன். சும்மா இரு, முன்னாடி இடம் பிடி என்றார்.

சாலை விபத்தில் சாகிறவர்களோடு பார்த்தால் இது சொற்பம், பயத்தைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறோம் என்றார் பேராசிரியர். செத்தவர்களை மட்டும் எண்ணினால் போதுமா, பிழைத்தவர்களும் நடைப்பிணங்கள்தானே என்று தழுதழுத்தார் கட்டுரையாளர். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், அப்பா கோலை ஊன்றி எழுந்துவிட்டார். ஐயா, நடைப்பிணம்னீங்களே, எனக்கு நடையும் இல்ல, நான் பிணமும் இல்ல, ரெண்டுல ஒண்ணாவது சரியா இருக்க வேணாமா என்று கேட்டார். கூடமே சிரித்தது, பேராசிரியர் பலமாகக் கைதட்டினார். உடனே அப்பா அவர் பக்கம் திரும்பி, நீங்க ரொம்பத் தட்டாதீங்க சார், அந்தச் சொற்பத்துல என் காலும் இருக்கு. லாரி மோதியிருந்தா லாரியப் பாத்துப் பயந்திருப்பேன், இப்ப பக்கத்துல உக்காந்த மனுசனப் பாத்துப் பயப்படுறேன், அத எதுல சேப்பீங்க என்றார். பிறகு அவர்கள் இருவரும் விட்ட இடத்திலிருந்து மோதிக்கொண்டார்கள், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை மகளே. திரும்பும்போது ஆட்டோ பிடிக்கவா என்றேன், ஏன் பஸ்ஸு கடிக்குமா என்றார். அதே பேருந்து நிலையத்தில், அத்தனை கூட்டத்தில், என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்த கையை விடாமலே பேருந்தில் ஏறினார்!

இப்போது கடை திறந்தாயிற்று, தையல் மெஷினை ஒரு காலால் மிதிக்கப் பழகிவிட்டார். நேற்று அந்த இருவருமே கால்சட்டை தைக்க வந்து அங்கேயும் சண்டை. கைய ஆட்டாம நில்லுங்க, அளவு தப்புனா நான் பொறுப்பில்ல என்று இருவரையும் அப்பா அதட்டியது தெருமுனை வரை கேட்டது. ஆகவே கடை விற்பனைக்கு இல்லை, நாங்கள் விருந்தாளியாக வருவோம்.

வேளைக்குச் சாப்பிடு, செலவை அன்றன்றே எழுதி வை. ஆண்டவன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் தரட்டும். மாப்பிள்ளையின் இடுப்பளவை மறக்காமல் எழுது. கல்யாணத்தின்போது எடுத்த அளவையே சொல்லி ஏமாற்றக் கூடாதாம், அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தையல்காரர் மனைவி,
உன் அம்மா