கொல்மெரா கோயில் மணி

கொல்மெரா,
ஆகஸ்ட் 3

அன்புள்ள நிவெஸ் அக்காவுக்கு,

இங்கே நானும் தொரினாவும் நலம். கோயில் ஓரத்து ஓடைமேல் வந்த புதுப் பாலத்தின் படம் இதோடு வைத்திருக்கிறேன், பார். மர லாரிகளுக்காகக் கட்டியது. பழையதைவிடத் தாழ்வு, ஆனால் என்ன அழகு! இடி இடித்தால் உன் தம்பி பெண்டாட்டிக்கு இன்னும் அதே நடுக்கம்தான். நான் கோயில் மணி அடித்தால்தான் அவளுக்கு உயிர் வருகிறது. மணி கேட்டதும் ஊரே கோயிலுக்குள் வந்து ஜெபமாலை சொல்கிறது. "மேகம் உன் மணிக்குப் பயந்தா ஓடுது?" என்று சாமியார் கிண்டல் பண்ணுகிறார். ஓடுகிறதே!

உன் தம்பி,
கோயில்பிள்ளை துல்லியோ

பதுவை,
ஆகஸ்ட் 9

அன்புத் தம்பி,

போனில் சொன்னால் கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

மலையைக் கணினிக்குள் வைத்து, மழை பெய்தால் கல்லும் சேறும் எந்த வழியாக இறங்கும் என்று பார்ப்பதுதான் என் வேலை. கோயில் பத்திரமான இடம் என்று காட்டும் வரைபடம் பழைய பாலத்தை வைத்துப் போட்டது. உன் படத்தைப் பார்த்துப் புதுப் பாலத்தை உள்ளே வைத்தேன். மரமும் பாறையும் அதனடியில் சிக்கிக்கொள்கின்றன. ஓடை திரும்பிக் கோயில் வாசலுக்குள் நுழைகிறது. மழையைக் குறைத்தும் பார்த்தேன். கோயில்தான், துல்லியோ, ஒவ்வொரு முறையும் கோயில்தான்.

"போட்டோவைப் பாத்து வெள்ளம் சொல்றியா?" என்கிறார் என் மேலதிகாரி. பாலத்தை அளக்காமல் எதையும் வெளியிடக் கூடாதாம். என் பெயரை யாரிடமும் சொல்லிவிடாதே. மணி மட்டும் அடிக்காதே.

அக்கா நிவெஸ்

கொல்மெரா,
ஆகஸ்ட் 15

அக்கா,

மாதா திருநாளும் அதுவுமாக என்ன கடிதம் இது? உன் கணினி என்றைக்காவது மழையில் நனைந்திருக்கிறதா? ஊர்த்தலைவரிடம் பாலத்தைப் பற்றி மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "பாலாடைக்கட்டி செய்யறவன் எப்ப இன்ஜினியரானான்?" என்று என் பிழைப்பைச் சொல்லி ஊர் முன்னால் சிரித்தார். அப்பா அடித்த மணி அது. மழைக்கு நான் அடிக்காமல் இருந்தால் ஊர் என்னைத் தின்றுவிடும்.

துல்லியோ

பதுவை,
ஆகஸ்ட் 20

என் கண்ணே துல்லியோ,

அடுத்த வாரம் பெருமழை என்கிறார்கள். மேலே மலையில் கல்லெல்லாம் தளர்ந்து கிடக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ மணி அடிப்பது ஊரைக் கூப்பிட்டுச் சேற்றில் தள்ளுவதுதான். உன் காலில் விழுகிறேன். வானம் கறுத்ததும் வீடு வீடாகப் போய் எல்லோரையும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏற்றிவிடு. காரணம் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளி. தொரினாவிடமும் மூச்சு விடாதே. அவள் வாயில் எது தங்கியிருக்கிறது? என் வேலை போய்விடும்.

அழுதுகொண்டே,
அக்கா

கொல்மெரா,
செப்டம்பர் 2

அக்கா,

வானம் கறுத்ததும் நீ சொன்னபடியே செய்தேன். மணிக்கூண்டைப் பூட்டினேன். ஓடையில் தண்ணீர் வருகிறது என்று பொய் சொல்லி, திட்டு வாங்கி, ஒவ்வொரு வீடாகக் கிளப்பினேன். தொரினாவிடம் வாசலில் நின்றே சொன்னேன், "பள்ளிக்கூடத்துக்குப் போ."

"மணி அடிக்கலையா?"

"அப்புறம் சொல்றேன், போடி."

போகிறேன் என்றாள். நான் கீழ்த்தெருவுக்கு ஓடினேன்.

எல்லோரும் மேட்டில் நின்றபோது கோயில் மணி அடித்தது. ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. தொரினாவை மட்டும் மேட்டில் காணவில்லை; மணிக்கூண்டுச் சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு ஏதோ ஆகிவிட்டது, அதனால்தான் மணி அடிக்கவில்லை என்று நினைத்திருப்பாள். இல்லை, நான் மறந்துவிட்டதாக நினைத்து, ஊர் என்னைத் திட்டக் கூடாதென்று போயிருப்பாள். கீழே ஓடினேன். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மணி நின்றுவிட்டது.

சேறு நீ போட்ட வழியிலேயே வந்தது. உன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. காரணத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மேட்டுக்குப் போயிருப்பாள்.

நேற்று அவளை அடக்கம் செய்தோம், மணி இல்லாமல். உன் பெயரை ஊரில் சொல்லிவிட்டேன். உனக்கு நன்றி எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். இனி எனக்கு எழுதாதே.

துல்லியோ