பரிசோதிக்கப்பட்ட தண்ணீர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். வெளிநாட்டு நிவாரண அமைப்பின் முகாமில் இருப்பவர்களுக்கு என்ன குறை! பூகம்பம் வந்து நாற்பது நாளாகியும் இங்கே போன் வேலை செய்யவில்லை. அதனால் இதை ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரியில் இடிபாட்டில் சிக்கியவர்கள் குறைந்து, வாந்திபேதிக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். நடையிலும் படுக்கை போட்டிருக்கிறோம். நேற்று என் ஆய்வகத்துக்கு வந்தது முப்பத்தொரு மாதிரி, இருபத்தாறில் காலரா. பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன், இந்த ஊரில் காலரா வந்ததே இல்லை.

எல்லாரும் எங்களைப் போலப் பள்ளி மைதானத்துக் கூடாரங்களில் இருப்பவர்கள். உங்கள் அமைப்பு வைத்த தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அது ஆற்றுத் தண்ணீர். ஆறு வரும் வழியில் எங்களுக்கு மேல்பக்கம் உங்கள் முகாம். முகாமின் கக்கூஸ் கழிவு எங்கே போகிறது என்று உன் அதிகாரியிடம் கேட்டுச் சொல். மொழிபெயர்ப்பாளன் நீ, இதைக்கூடக் கேட்கமாட்டாயா?

அப்பாவுக்கும் காலையிலிருந்து வயிறு சரியில்லை. உன்னைத்தான், "தொரை எப்ப வர்றான்"னு கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதிகாரியிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "முகாமின் கழிவு விதிப்படி அகற்றப்பட்டது. தண்ணீர் பரிசோதிக்கப்பட்டது. நோயின் மூலத்தைத் தேடுவதைவிட நோயாளிகளைக் கவனிப்பதே இப்போது முக்கியம் என்று கருதப்படுகிறது."

இவர்கள் நல்லவர்கள், அக்கா. பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு நமக்காக வந்திருக்கிறார்கள். நீதான் எதையும் நம்பமாட்டாய். சின்ன வயதில் எனக்குப் பால் கொடுத்தால்கூட எறும்பு கிடக்கிறதா என்று விளக்கடியில் பிடித்துப் பார்த்துத்தானே கொடுப்பாய்.

அப்பாவுக்கு உப்பு சர்க்கரைப் பொட்டலம் இருபது அனுப்பியிருக்கிறேன். அமைப்பின் வெளிநாட்டு அலுவலக வேலைக்கு என் பெயர் போயிருக்கிறது. அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

பொட்டலம் வந்து சேர்ந்தபோது அப்பா இல்லை. நேற்றுக் காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டார். உனக்குச் சொல்ல ஆள் அனுப்பினேன்; முகாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். காலரா உடம்பை வைத்திருக்க விடமாட்டார்கள். சுடுகாட்டுக்கு நான் மட்டும் கூடப் போனேன்.

கூடாரத்தில் தினமும் தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடிவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அவர் அதைத் தொடவே இல்லை. தொட்டியில் ஒரு பலகை தொங்குகிறதே, "இந்தத் தண்ணீர் பரிசோதிக்கப்பட்டது" என்று, அது உன் கையெழுத்து என்று கண்டுபிடித்துவிட்டார். வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், "எம் பையன் எழுதினது, தைரியமா குடிங்க"ன்னு சொன்னாராம். முதல் செம்பு அவர்தான் குடித்தாராம். பக்கத்துக் கூடாரத்து அம்மா சொன்னார்கள்.

பரிசோதிக்கப்பட்டது, சரி. முடிவு என்ன வந்தது? நானும் அந்தத் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டேன். அப்பா உடம்பில் இருந்த அதே கிருமி. கழிவு அகற்றப்பட்டது என்கிறாய். யார் அகற்றியது, எங்கே கொட்டியது? உன் கடிதம் முழுக்கப் பட்டது, பட்டது. செய்த ஆளைத்தான் காணோம். பட்டது நாங்கள்தான், தம்பி.

காலரா எப்படி வந்தது என்று கேட்க இருபதாம் தேதி அரசாங்க விசாரணைக் குழு உட்காருகிறது. வந்து உனக்குத் தெரிந்ததைச் சொல்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

என்னை மன்னித்துவிடு என்று எழுதக்கூடக் கை வரவில்லை.

கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தது. ஆற்றோரப் பள்ளத்தில் கொட்டச் சொல் என்றார் அதிகாரி. லாரி ஓட்டுநரிடம் நான்தான் சொன்னேன். மழை பெய்தால் அந்தப் பள்ளம் ஆற்றோடு சேரும் என்று அதிகாரிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீயும் நானும் துணி துவைக்கப் போன இடம் அது.

பரிசோதனைத் தாளில் இரண்டு வரி இருந்தது. இரண்டாவது வரி, கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது. விறகில்லாத ஜனங்களைப் பயமுறுத்தாதே, முதல் வரி போதும் என்றார் அதிகாரி. நான் முதல் வரியை மட்டும் எழுதினேன்.

விசாரணைக்கு வரமாட்டேன். பதினெட்டாம் தேதி எனக்கு விமானம். வாயைத் திறந்தால் வேலை போவதோடு நிற்காது, உள்ளே போட்டுவிடுவார்கள். படித்ததும் இதைக் கிழித்துவிடு. அப்பா மேல் ஆணை.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

தலைமை அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். என்றைக்காவது உன் கைக்கு வரும்.

நேற்று விசாரணையில் உங்கள் அமைப்பின் வக்கீல் அழகாகப் பேசினார். அறிவிப்பு முழுமையாகவே வைக்கப்பட்டதாம், ஜனங்கள்தான் மதிக்கவில்லையாம். கழிவை லாரி ஓட்டுநர் சொல்பேச்சு கேட்காமல் கொட்டிவிட்டாராம். அந்த ஓட்டுநரின் மனைவி என் ஆஸ்பத்திரியில் நாலாவது படுக்கையில் கிடக்கிறாள். "மொழிபெயர்க்கிற தம்பி சொன்ன எடத்துலதாங்க கொட்டினேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

உன் கடிதம் என் பையில் இருந்தது. சொன்னேன், எழுதினேன் என்று முதல்முறையாக ஒழுங்காக எழுதியிருந்தாய். எழுந்துபோய்க் குழுவிடம் கொடுத்துவிட்டேன். அப்பா மேல் ஆணை என்றாய். அந்தப் பலகையைப் படித்துச் செத்தவர் மேல் ஆணையிட உனக்கு எப்படி மனம் வந்தது?

உன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்ற கவலையும் விட்டுப்போகவில்லை, அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. இனி எனக்கு எழுதாதே. கேட்க வேண்டியதை அவர்களே உன்னிடம் கேட்பார்கள்.

குமாஸ்தா ரசீதில் "கடிதம் ஒன்று ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதினார். அதை அடித்துவிடச் சொன்னேன். "அவன் அக்கா ஒப்படைத்தாள்" என்று எழுதவைத்து, கீழே கையெழுத்துப் போட்டேன்.

அக்கா